வைரஸும் பூஞ்சையும் ஒரே கோதுமைச் செடியில்: இழப்பு ஏன் வெறும் கூட்டல் கணக்கு இல்லை

கோதுமை நோய்ச் செய்திகளில் பெரும்பாலும் ஒரே ஒரு நோயின் பெயர்தான் அடிபடும். ஓர் ஆண்டு துரு, அடுத்த ஆண்டு கதிர்க் கருகல், இன்னோர் ஆண்டு மஞ்சள் குட்டை வைரஸ். வயலிலிருந்து செடியை வேரோடு பிடுங்கிச் சோதித்தால் கதை வேறாக இருக்கலாம்: இலையில் வைரஸ், வேரில் ஒரு பூஞ்சை, கதிரில் இன்னொரு பூஞ்சை. 2019இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீடு, நோய்களும் பூச்சிகளும் சேர்ந்து கோதுமை விளைச்சலில் சுமார் 21.5 விழுக்காட்டைக் கொண்டுபோவதாகச் சொன்னது. இப்படிப்பட்ட மதிப்பீடுகளில் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும். இரண்டு நோய்கள் ஒரே செடியில் சந்தித்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் எளிதில் பிடிபடாது.

பல நேரங்களில் வைரஸ் முன்னதாகவே வந்து செடியின் உள்நிலையை மாற்றி வைத்துவிடுகிறது. பிறகு வரும் பூஞ்சைதான் கண்ணுக்குத் தெரிகிறது, பழியும் அதன் மேல் விழுகிறது. மருந்து, ரகம், விதைப்பு நாள் என்று அடுத்தடுத்து எடுக்கும் முடிவுகள் இதனால் தடம் மாறிப் போகின்றன.

அடிப்படை: இரண்டும் செடிக்குள் வரும் வழி

பூஞ்சைக்குத் தானாக உள்ளே நுழையத் தெரியும். துருப் பூஞ்சையின் வித்து காற்றில் வந்து இலையில் விழும், ஈரம் கிடைத்தால் முளைக்கும், இலைத்துளை வழியாக இறங்கும். சாம்பல் நோய்ப் பூஞ்சை இலையின் மேல்தோலையே துளைத்துவிடும். கதிர்க் கருகலை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை, பயிர் பூக்கும் நேரத்தில் கதிரில் தொற்றும்.

வைரஸுக்கு அந்தத் திறமை கிடையாது. அதைச் சுமந்துவந்து செடிக்குள் விட இன்னொரு உயிர் வேண்டும். கோதுமையில் முக்கியமான சுமப்பாளிகள் மூன்று:

1. அசுவினி. பார்லி மஞ்சள் குட்டை வைரஸைப் பரப்புவது இதுதான். 1951இல் கலிபோர்னியாவில் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸ் கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாவற்றையும் தாக்கும். அசுவினி சாறு உறிஞ்சும் ஃபுளோயம் குழாய்களுக்குள்தான் இது வாழ்கிறது.

2. கோதுமைச் சுருள் சிலந்தி. வலை பின்னும் சிலந்தி இல்லை, சிலந்திப்பேன் வகை. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, காற்றில் மிதந்து வயல்விட்டு வயல் போகும். கோதுமைக் கீற்றுத் தேமல் வைரஸைக் கொண்டுவருவது இது. அதே சிலந்தி டிரிட்டிகம் தேமல் வைரஸையும் சுமக்கும். இரண்டும் சேர்ந்து தொற்றினால் பாதிப்பு தனித்தனியாக வருவதைவிடக் கடுமையாக இருக்கிறது.

3. பாலிமிக்ஸா கிராமினிஸ். மண்ணில் வாழ்ந்து வேருக்குள் புகும் நுண்ணுயிர். 1919இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் முதன்முதலில் கவனிக்கப்பட்ட மண்வழித் தேமல் வைரஸைச் சுமப்பது இதுவே. நெடுங்காலம் இதைப் பூஞ்சை என்றே வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். இப்போது அது புரோட்டிஸ்ட் கூட்டத்தில், அதாவது பூஞ்சையிலோ செடியிலோ விலங்கிலோ சேராத எளிய உயிர்களின் கூட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ளது. பழைய நூல்களில் ‘பூஞ்சை பரப்பும் வைரஸ்’ என்று படித்திருந்தால் அது பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும்.

தொற்று எந்த வரிசையில் நடக்கிறது என்பதும் முக்கியம். அசுவினியும் சிலந்தியும் பெரும்பாலும் பயிர் இளசாக இருக்கும்போதே வந்துவிடும். துருவும் கதிர்க் கருகலும் பயிர் வளர்ந்த பிறகே உச்சம் தொடும். ஆகவே வழக்கமான வரிசை வைரஸ் முதலில், பூஞ்சை பின்னால்.

வைரஸ் செடிக்குள் எதையெல்லாம் மாற்றிவைக்கிறது

மஞ்சள் குட்டை வைரஸை எடுத்துக்கொண்டால் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்க்கலாம்.

1. இலையில் தயாராகும் சர்க்கரை ஃபுளோயம் வழியாகத்தான் வேருக்கும் கதிருக்கும் போகிறது. அந்தத் திசு சிதைந்தால் சர்க்கரை இலையிலேயே தேங்கி, மாவுச்சத்தாகக் குவிகிறது. இலை தடித்து, நுனியிலிருந்து மஞ்சளாகிறது. சில ரகங்களில் ஊதா நிறம் ஏறும்.

2. சர்க்கரை கிடைக்காத வேர் வளராமல் நின்றுவிடுகிறது. மேலே குட்டையாகத் தெரிவதற்கு முன்பே கீழே வேர் குறைந்திருக்கும்.

3. பச்சையம் குறைகிறது, ஒளிச்சேர்க்கை குறைகிறது. கதிர் வெளிவருவது தாமதமாகிறது. தொற்றிய செடியும் தொற்றாத செடியும் கலந்த வயலில் பூப்பது ஒரே சீராக நடக்காது.

4. செடியின் தற்காப்பு வேறு பக்கம் திரும்புகிறது. வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைத் துண்டாக்கி அழிக்கும் ஆர்என்ஏ மௌனமாக்கல் என்ற வழி செடியிடம் உண்டு. அதை முடக்கும் புரதங்களைப் பல வைரஸ்கள் வைத்திருக்கின்றன. கூடவே சாலிசிலிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம் போன்ற எச்சரிக்கை ஹார்மோன்களின் அளவும் மாறுகிறது.

கீற்றுத் தேமல் வைரஸ் இன்னொரு வகையில் அடிக்கிறது. அது தொற்றிய கோதுமையில் வேர்த் திரளும், கிடைத்த நீரைப் பயன்படுத்தும் திறனும் குறைவதை அமெரிக்கச் சமவெளி ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. பாசனம் செய்தாலும் செடி அதை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. நிலத்தடி நீரை நம்பிப் பயிரிடும் பகுதிகளில் இது மிகவும் வேதனையான இழப்பு, ஏனென்றால் விளைச்சலோடு நீரும் போகிறது.

பூஞ்சை எப்படிப் பிழைக்கிறது என்பதைப் பொறுத்தது முடிவு

வைரஸ் தாக்கிய செடி பலவீனமானது, ஆகவே எல்லாப் பூஞ்சையும் அதில் செழிக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. பூஞ்சைகள் உணவு தேடும் முறையே வேறு வேறு.

உயிருள்ள செல்லிலிருந்து மட்டும் உணவை எடுப்பவை ஒரு வகை. துருப் பூஞ்சைகளும் சாம்பல் நோய்ப் பூஞ்சையும் இந்த வகை. செல்லுக்குள் உறிஞ்சுறுப்பை இறக்கி, செல் சாகாதபடி பார்த்துக்கொண்டே சத்தை எடுக்கும். இவற்றுக்கு நல்ல, பச்சையான இலை தேவை. வைரஸால் மஞ்சளாகி முன்கூட்டியே முதுமை அடையும் இலை இவற்றுக்கு ஏற்ற இடம் இல்லை. வைரஸ் தூண்டிய சாலிசிலிக் அமிலத் தற்காப்பும் இந்த வகைப் பூஞ்சைக்கு எதிரானது. அதனால் மஞ்சள் குட்டை வைரஸ் தொற்றிய தானியப் பயிர்களில் சாம்பல் நோய் குறைந்ததாகவும் பதிவுகள் உண்டு.

செல்லைக் கொன்று அதிலிருந்து உண்பவை இன்னொரு வகை. இலைப்புள்ளி, வேரழுகல் பூஞ்சைகள் பலவும் இதில் அடங்கும். முதுமையடையும் திசுவும், இலையில் தேங்கிய சர்க்கரையும், தளர்ந்த வேரும் இவற்றுக்கு வசதி. ஃபியூசேரியம் இடைப்பட்டது. தொற்றிய தொடக்கத்தில் அமைதியாக இருந்து, பிறகு கொல்லத் தொடங்கும்.

சாலிசிலிக் அமிலம் ஏறினால் ஜாஸ்மோனிக் அமிலம் இறங்கும், அதனால் கொன்று தின்னும் பூஞ்சைக்குக் கதவு திறக்கும் என்ற விளக்கத்தைப் பல இடங்களில் படிக்கலாம். அது முதலில் அராபிடாப்சிஸ் என்ற சிறிய ஆய்வுச் செடியில் தெளிவாகத் தெரிந்த ஒன்று. கோதுமையில் இந்த இரண்டு ஹார்மோன்களும் அவ்வளவு நேரடியாக எதிரெதிராக நடப்பதில்லை. ஆகவே இதை ஒரு போக்காக எடுத்துக்கொள்ளலாம், விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வைரஸ் தொற்றிய வயலில் துருவோ சாம்பலோ குறைவாகத் தெரிந்தால், ‘இந்த ரகம் நோயைத் தாங்குகிறது’ என்று முடிவுகட்டும் ஆபத்து இருக்கிறது. ரகங்களைச் சோதிக்கும் திடல்களில் வைரஸைப் பரிசோதிக்காமல் துருவுக்கு மதிப்பெண் போட்டால் அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது. அடுத்த ஆண்டு வைரஸ் வராமல் துரு மட்டும் வரும்போது அந்த ரகம் கைவிட்டுவிடும்.

இழப்பைக் கணக்கிடுவது எப்படி

‘வைரஸால் 20, பூஞ்சையால் 30, ஆகமொத்தம் 50’ என்று கூட்டுவது தவறு. இதை ஆய்வாளர்கள் நான்கு திடல் வைத்து அளக்கிறார்கள்: நோயற்றது, வைரஸ் மட்டும், பூஞ்சை மட்டும், இரண்டும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். நோயற்ற திடல் 100 பங்கு விளைகிறது. வைரஸ் மட்டும் இருந்தால் 80, பூஞ்சை மட்டும் இருந்தால் 70. ஒன்றையொன்று தொடாமல் இரண்டும் தத்தம் வேலையைச் செய்தால், எஞ்சுவது 100இல் 80 விழுக்காடு, அதில் 70 விழுக்காடு. அதாவது 56 பங்கு. இழப்பு 44. இதுதான் ஒப்பிட வேண்டிய எண்.

1. இரண்டும் உள்ள திடலில் 56க்கு அருகே விளைந்தால் அவை ஒன்றையொன்று பாதிக்கவில்லை.

2. 40 மட்டும் விளைந்தால் ஒன்று மற்றொன்றுக்கு உதவியிருக்கிறது. இதைக் கூட்டு வலிமை என்கிறோம்.

3. 65 விளைந்தால் ஒன்று மற்றொன்றைத் தடுத்திருக்கிறது. அப்போதும் 35 பங்கு போய்விட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

செய்திகளில் ‘இரட்டைத் தாக்குதல்’ என்று வரும்போது, இந்த மூன்றில் எது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு நோய் இருப்பதே கூட்டு வலிமைக்கு ஆதாரம் ஆகாது. சில நேரங்களில் மழை, குளிர், மண் ஈரம் என்று ஒரே காரணம் இரண்டையும் அழைத்து வந்திருக்கும்.

கதிர்க் கருகல்: விளைச்சலைத் தாண்டிய பிரச்சினை

கூட்டுத் தொற்றில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது ஃபியூசேரியம் கிராமினேரம். காரணம், அது குறைக்கும் மணிகளோடு நிற்பதில்லை. மிஞ்சும் மணிகளில் டியாக்சினிவலெனால் என்ற நச்சை விட்டுச் செல்கிறது. சுருக்கமாக ‘டான்’. இது செல்லின் ரைபோசோமைப் பிடித்துப் புரத உற்பத்தியை நிறுத்தும். மனிதர்களுக்கு வாந்தி, வயிற்றுக் கோளாறு வரும். பன்றிகள் தீவனத்தையே ஒதுக்கிவிடும். மனிதர் உண்ணும் தயார்நிலைக் கோதுமைப் பொருள்களில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை. மாவை வேகவைத்தாலும் சுட்டாலும் நச்சு முழுதாகப் போய்விடாது.

பூஞ்சைக்கு டான் ஓர் ஆயுதமும்கூட. டான் தயாரிக்கும் மரபணுவை நீக்கிய ஃபியூசேரியம் கோதுமைக் கதிரில் தொற்றினால் நுழைந்த சிறு பூங்கதிரிலேயே நின்றுவிடுகிறது. கதிரின் நடுத்தண்டைக் கடந்து அடுத்ததற்குப் பரவ அதற்கு டான் வேண்டும்.

சரி, இதில் வைரஸுக்கு என்ன பங்கு? மூன்று வழிகளில் அது உள்ளே வருகிறது.

1. நேரம். ஃபியூசேரியத்துக்குக் கதிர் மிக எளிதில் இடம் கொடுப்பது பூக்கும் நாள்களில்தான். வைரஸ் பரவிய வயலில் பூப்பது முன்பின்னாக நீளும். எந்த நாளில் மழை பெய்தாலும், எங்கோ ஒரு கதிர் பூத்திருக்கும்.

2. சுமந்துவந்த பூச்சி. தானிய அசுவினி கதிரிலேயே கூட்டமாக உட்காரும். அசுவினி இருந்த கதிர்களில் ஃபியூசேரியம் வேகமாகப் பரவியதையும், நச்சு கூடியதையும் 2015இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வைரஸ் இல்லாத அசுவினியாலேயே இது நடக்கலாம். அப்புறம், அசுவினி வெளியேற்றும் தேன்போன்ற கழிவில் கரும்பூசணம் வளர்ந்து இலையையும் கதிரையும் மூடும்.

3. மணியின் எடை. ஃபியூசேரியம் தொற்றிய மணிகள் சுருங்கி, வெளிறி, இலேசாக இருக்கும். காற்றடித்துத் தூற்றும்போது அவற்றில் கணிசமானவை பறந்துபோகும். வைரஸ் தாக்கினால் பூஞ்சை இல்லாத மணியும் சுருங்குகிறது. எடை வேறுபாடு குறையும்போது நச்சு மணியை மட்டும் பிரித்தெடுப்பது கடினமாகிறது.

அசுவினியின் நடத்தையையும் வைரஸ் மாற்றுகிறது. மஞ்சள் குட்டை வைரஸ் தொற்றிய கோதுமை, வைரஸ் சுமக்காத அசுவினியை ஈர்க்கிறது. அதே அசுவினி வைரஸை உறிஞ்சிக்கொண்ட பிறகு தொற்றாத செடியை நாடுகிறது. இது 2012இல் பதிவான கண்டுபிடிப்பு. வைரஸ் பரவ இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

வேர்: யாரும் தோண்டிப் பார்க்காத பக்கம்

இலைக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட வேருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் வைரஸும் பூஞ்சையும் மிக மோசமாகக் கைகோக்கும் இடம் அதுதான் என்பது என் கணிப்பு.

டேக்-ஆல் என்ற வேர்நோயை எடுத்துக்கொள்வோம். அந்தப் பூஞ்சை வேரைக் கருக்கி, நீர்க் குழாய்களை அடைக்கும். நல்ல செடி புது வேர் விட்டு ஓரளவு ஈடுகட்டும். மஞ்சள் குட்டை வைரஸ் தொற்றிய செடிக்குப் புது வேர் விடச் சர்க்கரை இல்லை. ஒரு பக்கம் வேர் அழிகிறது, மறுபக்கம் மாற்றுவேர் வளரவில்லை.

மேலே துருவும் இருந்தால் நெருக்கடி இன்னும் கூடும். துருக் கொப்புளம் இலைத்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதால், அந்தப் பிளவுகள் வழியாக நீர் ஆவியாகிப் போகிறது. வைரஸால் நீர் வரத்து குறைந்த செடியில் நீர்ச் செலவும் ஏறுகிறது. மணியில் பால் பிடிக்கும் சமயத்தில் வெயில் கடுமையானால் இந்தச் செடி மற்றவற்றுக்கு முன் வாடும்.

பாலிமிக்ஸாவின் சேதி வேறு. தனியாக அது கோதுமைக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. அதன் உறங்கும் வித்துகள் பல ஆண்டுகள், பத்தாண்டுகள்கூட, மண்ணில் வைரஸோடு காத்திருக்கும். மண் குளிர்ந்து நீர் தேங்கினால் விழித்து, நீந்தி வேருக்குப் போகும். அதனால்தான் இந்த வைரஸ் வயலில் தாழ்வான, நீர் நிற்கும் பகுதிகளில் திட்டுத்திட்டாகத் தெரியும். வேரழுகல் பூஞ்சைகள் சிலவும் அதே ஈரத்தை விரும்புவதால், தாழ்வான திட்டில் இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

ஏமாற்றும் அறிகுறிகள்

1. வைரஸ் மஞ்சளும் தழைச்சத்துப் பற்றாக்குறை மஞ்சளும். பற்றாக்குறையில் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும், வயல் முழுதும் அல்லது உரம் விழாத பட்டை முழுதும் ஒரே மாதிரி இருக்கும். அசுவினி கொண்டுவந்த வைரஸ் வட்டத் திட்டுகளாகத் தொடங்கி, மேல் இலைகளின் நுனியிலும் தெரியும். இந்த இடத்தில் தப்பாகக் கணித்து மேலுரம் போட்டால், வைரஸ் குணமாகாது. தொற்றாத செடிகளில் கூடுதல் தழைச்சத்து துருவுக்கும் சாம்பல் நோய்க்கும் தீனியாகும்.

2. கீற்றுத் தேமலும் மஞ்சள் துருவும். இரண்டிலும் மஞ்சள் கோடுகள் வரும். விரலால் தேய்த்தால் துருவில் மஞ்சள் தூள் ஒட்டும், தேமலில் ஒன்றும் ஒட்டாது. துரு கொப்புளம் விடாத தொடக்க நாள்களில் இந்தச் சோதனை பயன்படாது.

3. வெளுத்த கதிர். கதிரின் ஒரு பகுதி மட்டும் வெளுத்து மீதி பச்சையாக இருந்தால் ஃபியூசேரியம் என்று ஐயப்படலாம். கதிர் முழுதும் வெளுத்து, பிடுங்கினால் வேரும் தண்டின் அடியும் கருத்திருந்தால் டேக்-ஆல். இரண்டும் ஒரே வயலில் இருக்கலாம்.

கண்ணால் பார்த்து வைரஸை உறுதிசெய்ய முடியாது. வைரஸின் புரதத்தைக் கண்டறியும் எலிசா அல்லது அதன் ஆர்என்ஏவைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். ஒரு நோய் உறுதியானதும் தேடலை நிறுத்திவிடுவதுதான் கூட்டுத் தொற்று தவறிப்போக முதன்மைக் காரணம்.

பூஞ்சைக்குள்ளும் வைரஸ்

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. சில வைரஸ்கள் செடியை விட்டுவிட்டு நோய்ப் பூஞ்சையையே தாக்கும். கொரியாவில் கண்டறியப்பட்ட ஃபியூசேரியம் கிராமினேரம் வைரஸ் 1 அந்த ரகம். அது தொற்றிய பூஞ்சை மெதுவாக வளர்கிறது, கோதுமையைத் தாக்கும் வலுவும் நச்சு உற்பத்தியும் குறைகின்றன. பூஞ்சையிலிருந்து பூஞ்சைக்கு இதை வயலில் பரப்புவது எளிதில்லை என்பதால் இன்னும் இது விவசாயி கையில் கிடைக்கும் மருந்தாகவில்லை.

முடிவெடுக்கும் இடங்கள்

வைரஸ் உள்ளே போன செடியைக் குணப்படுத்த வயலில் தெளிக்கும் மருந்து எதுவும் இல்லை. ஆகவே வைரஸுக்கான வேலை எல்லாம் விதைப்பை ஒட்டியே முடிந்துவிட வேண்டும்.

1. அறுவடைக்குப் பின் தானாக முளைத்த கோதுமையை அழிப்பது முதல் வேலை. ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குச் சிலந்தியும் அசுவினியும் துருவும் கடந்துவருவது இந்தப் பச்சைப் பாலத்தில்தான். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பாவது அது செத்திருக்க வேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. சிலந்தி உயிருள்ள செடி இல்லாமல் நெடுநாள் தாங்காது. வைரஸுக்கும் துருவுக்கும் ஒரே நேரத்தில் பலன் தரும் வேலை இதுபோல் வேறில்லை.

2. விதைப்பு நாள். குளிர்காலக் கோதுமையைச் சற்றுத் தாமதமாக விதைத்தால் அசுவினி, சிலந்தி வரத்து குறையும். ஆனால் மிகத் தாமதமானால் தூர் குறையும், மணி பிடிப்பது வெயிலில் போய் மாட்டும்.

3. ரகம். இங்கே நல்ல செய்தி இருக்கிறது. எல்ஆர்34 என்ற மரபணு இலைத்துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் மூன்றையும் ஓரளவு தாங்க வைக்கிறது. மஞ்சள் குட்டை வைரஸைத் தாங்கும் பிடிவி1 என்ற பண்பும் அதோடு சேர்ந்தே வருகிறது. தினோபைரம் என்ற காட்டுப்புல் இனத்திலிருந்து வைரஸுக்கு எதிரான பிடிவி2 மரபணுவும், டான் நச்சைச் செயலிழக்கச் செய்யும் எஃப்எச்பி7 மரபணுவும் கோதுமைக்கு வந்திருக்கின்றன. கீற்றுத் தேமலுக்கு எதிரான மரபணுக்கள் வெப்பம் கூடினால் பலன் இழக்கும். இளம்பயிர்ப் பருவம் கதகதப்பாக இருந்தால் அவற்றை மட்டும் நம்ப முடியாது.

4. பூஞ்சைக்கொல்லி. கதிர்க் கருகலுக்கு டிரையசோல் வகை மருந்துகளைப் பூக்கத் தொடங்கும்போது தெளிக்க வேண்டும். கதிர் வந்த பிறகு ஸ்ட்ரோபிலூரின் வகையைத் தெளித்தால் டான் அளவு கூடியதாகக் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. துருவுக்காக மருந்து எடுக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். வைரஸால் பூப்பு சீரற்றுப் போன வயலில் ஒரு தெளிப்பு எல்லாக் கதிரையும் காப்பாற்றாது.

5. அறுவடை. வைரஸ் திட்டுகளும் தாழ்வான திட்டுகளும் தெரிந்த வயலில், அந்தப் பகுதியைத் தனியாக அறுத்து, தனியாகக் குவித்து, அதிலிருந்து எடுத்த மாதிரியில் டான் அளவைச் சோதிக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த பிறகு சோதித்தால், ஒரு திட்டின் நச்சுக்காக முழுக் குவியலும் நிராகரிக்கப்படும் நிலை வரலாம்.